கண்டிக் கல்யாணப் படங்களும் அவற்றில் இடம்பெறாதவர்களும்

பத்திரிகை அலுவலகத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழகிப்போயிருக்கும். மரண அறிவித்தல் கொடுக்க வருபவர்கள் கையில் ஒரு கடித உறையைக் கொண்டுவருவார்கள். அதற்குள் பெரும்பாலும் ஒரு கல்யாணப் படம் இருக்கும். அதை மேசையில் வைத்து, மணமக்களையும் மாலைகளையும் தாண்டி விரலை ஓரத்துக்குக் கொண்டுபோய், "இந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, அவர்தான்" என்பார்கள். அவரை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கிப் போட முடியுமா என்று கேட்பார்கள். அவர் முகத்தின் பாதியை வேறொருவரின் தோள் மறைத்திருக்கும். அல்லது கண்கள் மூடியிருக்கும். வேறு படம் இல்லையா என்று கேட்டால், "அவர் படமெடுக்கும் இடத்தில் நிற்கவே மாட்டார், ஐயா" என்ற பதில் வரும்.

ஒரு நாள் நானும் அதே மேசைக்கு முன்னால் நிற்க நேர்ந்தது. எனது திருமணம் 1976 ஆம் ஆண்டு கண்டியில் நடந்தது. நகரத்து ஸ்டூடியோ ஒன்றிலிருந்து வந்த படப்பிடிப்பாளர் இரட்டை வில்லைக் கமராவுடன் இரண்டு பிலிம் சுருள்களைக் கொண்டுவந்தார். சுருளுக்கு 12 படங்களாக மொத்தம் 24 படங்கள். மாலை மாற்றியது, தாலி கட்டியது, அம்மி மிதித்தது, பெரியவர்களின் ஆசீர்வாதம், உறவினர் கூட்டங்கள் எல்லாம் அந்த 24க்குள் அடங்கிவிட்டன. என் அம்மா அவற்றில் ஒன்றிலும் இல்லை. அப்பா அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகியிருந்தார். கணவனை இழந்தவர் மணவறைப் பக்கம் வரலாகாது என்ற வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, அம்மா சமையற்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். 1991 இல் அவர் மறைந்தபோது, மரண அறிவித்தலில் போடுவதற்கு எங்களிடம் இருந்தது தேசிய அடையாள அட்டைக்காக எடுத்த படம் மட்டுமே.

படப்பிடிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டு நிறுத்தியவர்களை அவர் எடுத்தார். அம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டியவன் நான்.

அண்மைக்காலமாக, கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நண்பர்கள் தங்கள் பிள்ளைகளின் திருமணத்தைக் கண்டியில் நடத்த விரும்பி, நல்ல படப்பிடிப்பாளர் யார் என்று என்னிடம் கேட்கிறார்கள். எவரையும் சிபாரிசு செய்யும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்த நகரத்தில் கல்யாணப் படம் எவ்வாறு வந்தது, எதை வைத்துக்கொண்டது, எதைக் கைவிட்டது என்ற கதையை ஓரளவு அறிவேன். அதைச் சொன்னால் அவர்களுக்கு வேண்டிய பதிலும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

கமரா வருவதற்கு முன்

கண்டியின் வரலாற்றையே மாற்றியவை சில திருமணங்கள்தாம். கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் வழியில் பெண்ணெடுக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தார்கள். 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கனுக்கு முடிசூடத்தக்க வாரிசு இல்லாதுபோனபோது, அவனுடைய மதுரை அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினான். மைத்துனன் மன்னனான அந்த 1739 ஆம் ஆண்டிலிருந்து 1815 வரை, நால்வர் நாயக்கர் வழியில் கண்டியை ஆண்டனர். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான்.

அவன் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1839 ஆகஸ்டில், டகேரின் புகைப்பட முறை பாரிஸில் பகிரங்கமாக விளக்கப்பட்டது. மதுரையிலிருந்து கடல் கடந்து வந்த அந்த மணப்பெண்களின் முகங்களைக் காட்டும் புகைப்படம் ஒன்றேனும் இருந்திருக்க வழியில்லை. கண்டிச் சிங்களப் பெண்கள் மணநாளில் உடுத்தும் ஒசரிய சேலைக்கட்டில் நாயக்கர் அரண்மனையின் செல்வாக்கு உண்டு என்று கருதுவோர் பலர். முகம் மறைந்தாலும் உடுத்தும் முறை ஏதோ ஒரு வடிவில் நின்றிருக்கிறது போலும்.

ஸ்டூடியோக்களின் வருகை

இலங்கைக்குப் புகைப்படக்கலை விரைவிலேயே வந்து சேர்ந்தது. பிரெடெரிக் பீபிக் என்பவர் 1852 அளவில் இங்கு எடுத்து, கையால் வண்ணம் தீட்டிய படங்கள் இன்றும் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அவற்றில் கண்டிக் காட்சிகளும் அடங்கும். 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. கோப்பித் தோட்டங்களின் செல்வமும், புகையிரதத்தில் வந்திறங்கிய பயணிகளும் கண்டியை ஸ்டூடியோக்களுக்கு ஏற்ற நகரமாக்கினர். அநுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளை 1870, 1871 ஆம் ஆண்டுகளில் படமெடுத்துப் புகழ்பெற்ற ஜோசப் லோட்டன் கண்டியில் தொழில் நடத்தியவர். 1870களின் நடுப்பகுதியில் சார்ள்ஸ் ஸ்கோவன் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கொழும்பில் ஸ்கீன் நிறுவனமும், 1890 இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் பெயர்பெற்றிருந்தன.

அக்காலத்து முறையை அறிந்தால்தான், பழைய கல்யாணப் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும். 1851 இல் அறிமுகமான ஈரக் கண்ணாடித் தகட்டு முறையில், கண்ணாடியின் மேல் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்கு முன்பே படமெடுத்து, உடனேயே இருட்டறையில் கழுவியெடுக்க வேண்டும். எல்லாம் ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டிய வேலை. ஆட்கள் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடாதிருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியை வைப்பார்கள். மங்கலான கோயில் மண்டபத்திலோ, விளக்கொளியில் நடக்கும் கல்யாண வீட்டிலோ இது இயலாத காரியம். எனவே கல்யாணத்தைப் படமெடுக்க முடியவில்லை. கல்யாணம் முடிந்த தம்பதியரைத்தான் ஸ்டூடியோவுக்கு வரவழைத்து எடுக்க முடிந்தது. மணமகன் நாற்காலியில் அமர்ந்திருக்க, மணமகள் அருகில் நிற்க, பின்னால் தீட்டப்பட்ட திரைச்சீலை தொங்கும் படங்கள் இவ்வாறு பிறந்தவையே. முகங்களில் சிரிப்பு இல்லாததற்கு அக்கால நாகரிகம் ஒரு காரணம் என்றால், அத்தனை நேரம் சிரிப்பை நிறுத்திவைக்க முடியாமை மற்றொரு காரணம்.

அரச குடும்பத்துக்கும் இதுவே நிலைமை. விக்டோரியா மகாராணி 1840 இல் மணந்தபோது படமெடுக்கப்படவில்லை. பதினான்கு ஆண்டுகளின் பின், 1854 இல், அரசவை உடையில் அவரையும் கணவரையும் ரோஜர் பென்டன் எடுத்த படங்களையே பலரும் திருமணப் படங்கள் என்று மயங்குகின்றனர். 1858 இல் மூத்த மகளின் திருமணத்தன்று பெற்றோரும் மணப்பெண்ணும் கமராவின் முன் நின்றனர். அந்தப் படத்தில் மகாராணியின் முகம் கலங்கலாக விழுந்திருக்கிறது. உணர்ச்சிவசப்பட்ட தாயால் அசையாமல் நிற்க முடியவில்லை. உலகின் மிகப் பெரிய சாம்ராச்சியத்தின் அதிபதியாயினும் மகளின் கல்யாணத்தன்று தாய் தாய்தானே.

பெயருள்ளவர்களும் பெயரற்றவர்களும்

கண்டி ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட படங்களில் இரு வகை உண்டு. ஒன்று, காசு கொடுத்துத் தமக்காக எடுப்பித்துக்கொண்டவர்களின் படங்கள். கண்டிப் பிரதானிகளும் அவர்களின் குடும்பத்தாரும், துரைமாரும், வர்த்தகர்களும் இதில் அடங்குவர். நாற்கோண முடித்தொப்பியும் பல முழத் துணியை இடுப்பில் சுற்றிய அரசவை உடையுமாகப் பிரதானிகள் நிற்கும் படங்களை இன்றும் காணலாம். கண்டி இராச்சியத்தில் யார் எதை உடுத்தலாம் என்பது சாதிக்கும் பதவிக்கும் ஏற்ப வகுக்கப்பட்டிருந்தது. பிரதானிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த அந்த உடை, இன்று எந்தச் சிங்கள இளைஞனும் கல்யாணத்துக்காக ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அணியக்கூடிய "நிலமே" உடையாகிவிட்டது. அதற்கு முன்மாதிரியாக நின்றவற்றுள் அந்தப் பழைய படங்களுக்கும் பங்குண்டு.

மற்றையது, வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்பதற்காக எடுத்த படங்கள். இவற்றின் கீழ் "தமிழ்ப் பெண்", "தோட்டத் தொழிலாளர்" என்பன போன்ற குறிப்புகள்தாம் இருக்கும். படத்தில் நிற்பவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதோ, அவருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பதோ எவருக்கும் தோன்றவில்லை. புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரூன் அம்மையார் 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கெமரூன், இலங்கையின் நிர்வாகத்தைச் சீர்திருத்திய கோல்புறூக் - கெமரூன் ஆணைக்குழுவின் உறுப்பினர். இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிஞர்களையும் பெயரோடு படமெடுத்த அம்மையார், இங்கே எடுத்த படங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் உள்ள தமிழரும் சிங்களவரும் பெரும்பாலும் பெயரற்றவர்கள். அம்மையார் 1879 இல் மலைநாட்டில் காலமாகி, பொகவந்தலாவையில் உள்ள சென்மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையில் பெயர் இருக்கிறது. அவருடைய படங்களில் நின்றவர்களின் பெயர்களைத் தேட இன்று வழியில்லை.

தோட்டங்களில் ஒரே ஒரு படம்

1880 அளவில் உலர் தகடுகள் கடைகளில் கிடைக்கத் தொடங்கின. 1887 இல் மக்னீசியத் தூளை எரித்து வெளிச்சம் உண்டாக்கும் முறையும், 1929 இல் பிளாஷ் மின்குமிழும் வந்தன. சுருள் பிலிமும் கைக்கடக்கமான கமராக்களும் சேர்ந்தபோது, படப்பிடிப்பாளர் ஸ்டூடியோவை விட்டுக் கல்யாண வீட்டுக்கு வரலானார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி, மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நகரங்களில் ஸ்டூடியோ இல்லாத கடைத்தெரு அரிது.

ஆனால் நகரத்திலிருந்து எட்டிப்போன தோட்டங்களில் நிலைமை வேறு. 1820களில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கைக்கும் உழைக்க வந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு, ஒரு கல்யாணப் படம் என்பது பல நாட் சம்பளம். மணமக்கள் மறுநாளோ அடுத்த சம்பள நாளிலோ டவுனுக்குப் போய், கூறைச்சேலையும் மாலையும் மீண்டும் அணிந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். லயத்துக் காம்பராவில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அது தொங்கும். நான் செய்தி சேகரிக்கப் போன தோட்டங்களில், கணவன் மனைவி இருவரும் சேர்ந்திருக்கும் ஒரே படமாக அதனைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அந்த மக்களுக்குத் தாங்கள் இன்னார், இன்னாரை மணந்தோம், இன்ன காலத்திலிருந்து இங்கு வாழ்கிறோம் என்று காட்டுவது ஒரு வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது. திருமணமானவர் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்திருப்பதை நிரூபிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வழக்கப்படி கோயிலில் தாலிகட்டிப் பதிவு செய்யாமலே வாழ்ந்த தம்பதியர் தோட்டங்களில் ஏராளம். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

கண்டிச் சிங்களவருக்கோ 1859 முதலே சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியிருந்தது. முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பதிவேட்டில் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கோரவில்லை. ஒரே நகரத்தில் மூன்று வகைத் திருமணங்கள், மூன்று வகைக் காகிதங்கள். காகிதம் தராத சாட்சியைப் பல வீடுகளில் படம் தந்தது. சட்டத்தின் முன் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பது வேறு விடயம். வீட்டுக்குள் அதற்கு இணையாக வேறொன்று இருக்கவில்லை.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிகுதியிருந்த 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் தகரப் பெட்டிகளுக்குள் பாத்திரங்களோடும் துணிகளோடும் அந்த ஒற்றைக் கல்யாணப் படமும் போனது. இன்று நீலகிரியில் கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒரு வீட்டின் சுவரில் கண்டி ஸ்டூடியோ முத்திரையுடன் ஒரு படம் தொங்கினால், அதன் பின்னால் இருப்பது இந்த வரலாறு. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே முடிவு கண்டது.

எரிந்தவையும் எஞ்சியவையும்

1977 ஆகஸ்டிலும் 1983 யூலையிலும் நடந்த வன்செயல்களில் கண்டியும் மாத்தளையும் தப்பவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயமும் 1983 இல் சேதமுற்று, பின்னர் மீண்டும் எழுந்தது. அக்காலத்தில் அகதி முகாம்களில் நான் சந்தித்தவர்கள் முதலில் உயிர்களைப் பற்றிப் பேசினார்கள். அடுத்து நகை, பத்திரங்களைப் பற்றிப் பேசினார்கள். ஓரிரு ஆண்டுகள் கழித்துச் சந்தித்தபோது அவர்கள் பேசியது அல்பங்களைப் பற்றி. வீட்டைத் திருப்பிக் கட்டினார்கள்; நகையைக்கூட ஒருவாறு சேர்த்தார்கள். எரிந்துபோன கல்யாணப் படத்தை மட்டும் எங்கும் வாங்க முடியவில்லை. சிலருக்கு அது திரும்பக் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருந்த உறவினருக்கு அன்றே ஒரு பிரதியை அனுப்பி வைத்திருந்தவர்கள்தாம் அந்தச் சிலர்.

பின்னர் புலம்பெயர்வு வந்தது. கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளுக்கு வாழ்க்கைத்துணையை அழைக்க விண்ணப்பிக்கும்போது, பதிவுச் சான்றிதழுடன் திருமணப் படங்களையும் ஆதாரமாகச் சேர்க்கும் நிலை உண்டாயிற்று. உறவினர் சூழ நடந்த உண்மையான திருமணம் இது என்று ஓர் அந்நிய அதிகாரிக்குப் படங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் கண்டியில் நடந்த சில திருமணங்களில், "தூதரகத்துக்கு வேண்டும், எல்லாரும் வந்து நில்லுங்கள்" என்று ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். விசாவின் பொருட்டாவது ஓரத்தில் நின்றவர்கள் நடுவுக்கு அழைக்கப்பட்டார்கள்.

படம் பெருகிய காலம்

எண்பதுகளில் வீடியோ வந்தது. மூன்று மணி நேரக் கசெட்டில், பிரகாசமான விளக்கொளியில் வியர்த்து நிற்கும் உறவினர்களைக் காண்கிறோம். அந்தக் கசெட்டுகள் பல இன்று பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன; அவற்றை ஓட்டும் கருவியும் வழக்கொழிந்துவிட்டது. அதே காலத்து வண்ணப் படங்கள் செம்மஞ்சளாக மங்கிவருகின்றன. அவற்றுக்கு அரை நூற்றாண்டு முன்பு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களோ தெளிவாக நிற்கின்றன. வெள்ளியால் அமைந்த படிமம் சாயத்தால் அமைந்ததை விட நீடித்து நிற்பதே காரணம்.

அடுத்து டிஜிட்டல் கமரா வந்தது. ஒரு நூற்றாண்டு காலம் பிலிமை ஆண்ட கொடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 24 படங்களில் முடிந்த கல்யாணம் இன்று ஆயிரக்கணக்கான படங்களில் விரிகிறது. கல்யாணத்துக்கு முன்னரே பேராதனைப் பூங்காவிலும், ஹந்தானை மலைச்சரிவிலும், தேயிலைத் தோட்டங்களிலும் தனிப் படப்பிடிப்பு நடக்கிறது.

காட்சிக்காகக் கல்யாணம் என்ற நிலை எங்கு கொண்டுபோய்விடும் என்பதற்குக் கண்டியே ஓர் உதாரணம் தந்தது. 2017 செப்டெம்பரில் கண்டிக்கு அருகே நடந்த ஒரு திருமணத்தில், மணப்பெண்ணின் சேலை 3.2 கிலோமீற்றர் நீளமாயிருந்தது. வீதி நெடுக அதனைத் தாங்கிப்பிடிக்கச் சுமார் 250 பாடசாலைப் பிள்ளைகள் நிறுத்தப்பட்டனர். படங்கள் உலகெங்கும் பரவின. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை விசாரணை ஆரம்பித்தது. படிப்பு நேரத்தில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியது சரியா என்ற கேள்விதான் அந்தக் கல்யாணத்தைப் பற்றி இன்று எஞ்சியிருப்பது.

இனி என்ன செய்யலாம்

நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். பிற்காலத்தில் மனநிறைவு தரும் கல்யாணப் படங்கள் வேண்டுமானால், கமராவைப் பற்றிய பேச்சுக்கு முன்னரே ஒரு காகிதத்தை எடுத்து, படத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டியவர்களின் பெயர்களை எழுதுங்கள். தாத்தா, பாட்டி, நடக்க இயலாத பெரியப்பா, பிள்ளையை வளர்த்த ஆயா, சமையலுக்குத் தலைமை தாங்கும் அத்தை, கணவனை இழந்த சித்தி ஆகியோரை முதலில் எழுதுங்கள். இவர்களே கூட்டத்தில் விடுபட்டுப் போகிறவர்கள். இரு வீட்டாரிலும் எல்லாரையும் முகம் அறிந்த ஒருவரிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்து, படப்பிடிப்பாளரின் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். படப்பிடிப்பாளருக்கு உங்கள் அத்தையைத் தெரியாது. முதியவர்களைச் சடங்கு தொடங்குவதற்கு முன், களைப்படையாத நேரத்தில் எடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது வெளிச்சம். முகூர்த்தத்தைச் சோதிடர் குறிப்பார். வெளிச்சத்தை நாம்தான் குறிக்க வேண்டும். கண்டியில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு, ஆறரைக்கு உதித்து, மாலை ஆறு, ஆறரைக்குள் மறைந்துவிடும். அந்திப்பொழுது மிகக் குறுகியது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை பெரும்பாலும் தவறாது. வெளியில் எடுக்க விரும்பும் படங்களைக் காலையில் முடித்துக்கொண்டு, மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரையையும் பார்த்துவைக்க வேண்டும். யூலை, ஆகஸ்டில் எசல பெரஹரா நாட்களில் நகரத்து வீதிகள் மாலையில் மூடப்படும். மண்டபத்துக்கும் பூங்காவுக்கும் இடையே ஓடித்திரியும் திட்டம் அப்போது சரிவராது. கோயிலில் எந்த இடம் வரை கமரா போகலாம் என்பதைக் குருக்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம். தாலி கட்டும் வேளையில் படப்பிடிப்பாளரும் வீடியோக்காரரும் முதுகைக் காட்டி நின்று சபையை மறைப்பது நம் கல்யாணங்களின் நெடுநாள் குறை. யார் எங்கே நிற்பது என்பதை முதல்நாளே மண்டபத்தில் நின்று தீர்மானித்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது உடன்படிக்கை. எத்தனை படங்கள், எத்தனை நாட்களில் தருவது, திருத்தாத மூலப்படங்களும் கிடைக்குமா, விளம்பரத்துக்கு அவர் பயன்படுத்தலாமா, அவர் நோயுற்றால் யார் வருவார் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் காட்டும் மிகச் சிறந்த பத்துப் படங்களைப் பார்த்து மயங்காமல், ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழு அல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பந்தியில் இருப்பவர்களையும் பின்வரிசையில் நிற்பவர்களையும் அவர் எப்படி எடுத்திருக்கிறார் என்பதிலேயே அவருடைய தரம் தெரியும்.

கடைசியாகப் பாதுகாப்பு. இலங்கை தந்த மிகப் பெரிய புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட் 1944 இல் மறைந்தபின், அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. காகிதத்தில் அச்சிடப்பட்டிருந்தவையே அவரை இன்று நமக்குக் காட்டுகின்றன. கைத்தொலைபேசியிலும் கணினியிலும் மட்டும் படங்களை வைத்திருப்போர் இதை மறக்கலாகாது. கோப்புகளை மூன்று பிரதிகளாக, ஒன்றேனும் வேறொரு வீட்டில் இருக்கும்படி வையுங்கள். ஐம்பது படங்களையாவது நல்ல காகிதத்தில் அச்சிடுங்கள். பசையுள்ள பக்கங்கள் கொண்ட அல்பங்களைத் தவிருங்கள். அவை படத்தைக் கெடுக்கும். மலைநாட்டு ஈரலிப்பில் பூஞ்சணம் எளிதில் பிடிக்குமாதலால், காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வையுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ஆண்டையும், நிற்பவர்களின் பெயர்களையும் வரிசைப்படி எழுதுங்கள். கெமரூன் அம்மையாரின் படங்களில் நிற்பவர்களுக்கு நேர்ந்தது நம் பாட்டிக்கு நேர வேண்டியதில்லை.

எங்கள் மகளின் திருமணம் 2008 இல் கண்டியில் நடந்தது. என் மாமியார் அப்போது எண்பது வயதைத் தாண்டியவர். கணவரை இழந்து நீண்டகாலம் ஆகியிருந்தது. அன்று காலையில் அவரைத் தேடியபோது, பின்வாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்து வெற்றிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் இங்கேயே இருக்கிறேன், தம்பி. அங்கே வந்து என்ன செய்யப் போகிறேன்?" என்றார். நான் ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பிடித்து எழுப்பி, மணவறைக்கு அழைத்துவந்தேன். உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். படப்பிடிப்பாளரின் கையிலிருந்த பட்டியலில் அவர் பெயர்தான் முதலாவது. பேத்தியின் கன்னத்தில் அவர் கை வைத்திருக்கும் அந்தப் படம் இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளின் பின் அவர் மறைந்தபோது, பத்திரிகைக்கு அனுப்பியதும் அதே படம்தான்.

வெட்டி ஒட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.